உபகாரத்திற்கு உபகாரம்: நாடுகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கல்

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எங்கள் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்துக்குரிய நேயர்களே! அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

இப்போது நான் கூறிய ஸலாமுக்கு, வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்திருக்கும் நீங்கள் பதில் கூறியிருப்பீர்கள். அது என் காதில் விழவில்லை. ஆயினும் கூறியிருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏனெனில், நமக்கு வாழ்த்துக் கூறப்பட்டால் அதனிலும் சிறந்ததைக் கொண்டோ, குறைந்தது அதற்குச் சமமானதைக் கொண்டோ பதில் கூறவேண்டும் என்று ஸூரா அந்நிஸாவின் 86ஆவது வசனத்தில் அல்லாஹ் பணித்திருக்கின்றான். சமமானதைத் திருப்பிக் கொடுப்பது கடமை. சிறந்ததைக் கொடுப்பது மேன்மை. இவ்விரு படிகளும் நாடுகள் தமக்கிடையே செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கலுக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

இப்பொருளைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. திருகோணமலை மாவட்டத்தில் வாழும் நமக்கு வெளிநாட்டு விவகாரம் என்பது தூரத்துச் செய்தியன்று. சீனக்குடாவில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைப் பிரித்தானியர் கட்டினர். இன்று அவற்றில் இந்தியாவுக்குப் பங்குண்டு. அக்குடாவின் கரையிலுள்ள கோதுமை மா ஆலையை நிறுவியது சிங்கப்பூர் நிறுவனமொன்று. கிண்ணியாப் பாலம் சவூதி அரேபியாவின் நிதியில் எழுந்தது. நம் வீடுகள் பலவற்றின் சுவர்களும் கூரைகளும் வளைகுடா நாடுகளில் உழைத்தவர்களின் வியர்வையில் எழுந்தவை. ஜும்ஆ முடிந்து தேநீர்க் கடையில் அமரும் நம் சகோதரர்கள், "திருகோணமலையை விற்றுவிட்டார்களாமே" என்று ஒரு வாரமும், "முஸ்லிம் நாடுகள் நமக்கு ஏன் சும்மா தருவதில்லை" என்று மறு வாரமும் வினவுகின்றனர். இக்கேள்விகளுக்கு ஆத்திரத்தினால் விடை காண இயலாது. அளவுகோல் ஒன்று வேண்டும்.

அந்த அளவுகோலை அமீருல் முஃமினீன் உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்கள் கலீஃபாவுக்குக் கடிதம் ஒன்று எழுதினார்கள். நம்முடைய வணிகர்கள் பிற நாடுகளுக்குச் சரக்குக் கொண்டு செல்லும்போது அங்குள்ளோர் பத்திலொரு பங்கைத் தீர்வையாக அறவிடுகின்றனர், நாம் என்ன செய்வது என்பது அக்கடிதத்தின் சாரம். அவர்கள் முஸ்லிம் வணிகர்களிடமிருந்து எவ்வளவு எடுக்கின்றார்களோ அவ்வளவையே அவர்களின் வணிகர்களிடமிருந்து நீரும் எடுப்பீராக என்று உமர் (ரழி) அவர்கள் பதில் எழுதினார்கள். இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் தமது 'கிதாபுல் கராஜ்' என்ற நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள். அறபு மொழியில் இதனை 'அல்முஆமலது பில்மித்ல்' என்பர். ஒத்ததற்கு ஒத்ததைச் செய்தல் என்பது பொருள்.

நாம் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோராயினும், ஹனஃபீச் சட்ட நூல்கள் இவ்விடயத்தை விரித்துரைக்கும் விதம் கவனிக்கத்தக்கது. அவர்கள் நம் வணிகரிடம் ஒன்றும் எடுக்கவில்லையாயின் நாமும் ஒன்றும் எடுப்பதில்லை. அவர்கள் எடுக்கும் அளவு தெரியாதபோது பத்திலொரு பங்கு. சரி, அவர்கள் நம் வணிகரின் சரக்கு முழுவதையும் பறித்துக்கொண்டால்? அப்போதும் நாம் முழுவதையும் பறிக்கலாகாது என்கின்றனர் சட்ட அறிஞர்கள், அது மோசடி, மோசடியில் போட்டி கிடையாது. ஈடுக்கு ஈடு என்ற சட்டத்திற்குள்ளேயே எல்லை ஒன்றை அவர்கள் வரைந்துவிட்டனர்.

இன்னுமொரு செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் உண்டு. நபதீ வணிகர்கள் கொண்டுவரும் கோதுமைக்கும் எண்ணெய்க்கும் உமர் (ரழி) அவர்கள் இருபதிலொரு பங்கை மட்டுமே அறவிட்டார்கள். மதீனாவுக்கு அவ்விரு சரக்குகளும் அதிகம் வந்து சேரவேண்டும் என்பதே நோக்கம். கோதுமையும் எண்ணெயும்! நம் குடாவின் இரு கரைகளையும் பார்ப்பவர்களுக்கு இச்செய்தி பழையதாகத் தோன்றாது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2025 ஏப்ரல் 2ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் 'பரஸ்பர வரி' என்ற பெயரில் நாடுகள் பலவற்றின் மீது தீர்வைகளை அறிவித்தார். இலங்கைக்கு விதிக்கப்பட்டது 44 வீதம். பின்னர் அது 30 வீதம் என்றும், ஓகஸ்ட் மாதத்தில் 20 வீதம் என்றும் குறைக்கப்பட்டது. பெயரைக் கேட்டால் உமர் (ரழி) அவர்களின் கடிதம் போலத் தோன்றும். கணக்கைப் பார்த்தால் வேறு. இலங்கை அமெரிக்கப் பொருட்களுக்கு உண்மையில் எவ்வளவு தீர்வை அறவிடுகின்றது என்பது அங்கு அளக்கப்படவில்லை. அமெரிக்கா நம்மிடம் வாங்குவதற்கும் நாம் அவர்களிடம் வாங்குவதற்கும் இடையிலான வித்தியாசத்தை எடுத்து, அதனை அவர்கள் நம்மிடம் வாங்கும் மொத்தத் தொகையால் வகுத்து, வந்த 88 வீதத்தை இலங்கை அறவிடுவதாக அட்டவணையில் காட்டி, அதில் பாதியை நமக்கு விதித்தனர். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் நம் பிள்ளை அமெரிக்கருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கின்றாள். அவளுடைய கூலியில் அமெரிக்க மோட்டார் வாகனம் வாங்க இயலவில்லை. இது அவள் செய்த அநீதியாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஒருவர் செய்ததற்கு ஈடாகத் திருப்பிச் செய்வது நீதியின் ஒரு படி. செய்யாததற்கு ஈடு கேட்பதை எந்தச் சட்ட நூலும் பரஸ்பரம் என்று அழைக்கவில்லை.

நேயர்களே! ஒத்ததற்கு ஒத்தது என்ற முறையில் நம் நாடு செய்துகொண்ட மிகச் சிறந்த உடன்படிக்கை எது என்று என்னைக் கேட்டால், 1952 டிசம்பர் 18ஆம் திகதி சீனாவுடன் கைச்சாத்திட்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தம் என்பேன். நம் பாட்டன்மார் அரிசிக் கூப்பனோடு வாழ்ந்த காலம் அது. உலகச் சந்தையில் அரிசி கிடைப்பது அரிதாகி விலை ஏறியிருந்தது. நாம் விற்கும் இறப்பரின் விலையோ வீழ்ந்திருந்தது. மறுபுறம், கொரிய யுத்தத்தின் காரணமாகச் சீனாவுக்கு இறப்பர் விற்கக் கூடாதென்ற தடை இருந்தது. நம்மை ஆண்டது டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம். பொதுவுடைமைக் கொள்கைக்கு நேர் எதிரானது. சீனாவில் தூதரகம் கூட நமக்கு அப்போது இருக்கவில்லை; தூதரக உறவு ஏற்பட்டது 1957 இல். அவ்வாறிருந்தும் வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்க பீக்கிங் சென்று ஒப்பமிட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 மெற்றிக் தொன் இறப்பர் செல்லும். 270,000 மெற்றிக் தொன் அரிசி வரும். இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலையைச் சீனா கொடுத்தது. அமெரிக்கா முகம் சுளித்தது. உதவி வழங்க மறுத்தது. ஒப்பந்தமோ மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நிலைத்தது.

முப்பது ஆண்டுகள் அது நிலைத்தமைக்கு அன்பு காரணமன்று. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் கப்பல் வந்தது, கப்பல் சென்றது. இவ்வாண்டு ஏமாற்றினால் அடுத்த ஆண்டு அரிசி வராது என்பதை இவர்களும், இறப்பர் வராது என்பதை அவர்களும் அறிந்திருந்தனர். சந்தையில் ஒரு நாள் வந்து போகும் வியாபாரி நிறுவையில் கை வைப்பான். தினமும் அதே மூலையில் கடை விரிப்பவன் பயப்படுவான். நாடுகள் இடம் பெயர்ந்து செல்ல இயலாத கடைக்காரர்கள். ஈரானுடன் நாம் 2021 டிசம்பரில் செய்துகொண்ட ஏற்பாடும் இவ்வகையினதே: எண்ணெய்க்காகச் செலுத்தவேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகத் தீர்ப்பது என்பது அதன் சாரம்.

இனி எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய கேள்வி. 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனவும் கொழும்பில் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்துடன் கடிதங்களும் பரிமாறப்பட்டன. அவற்றை வாசிப்பவர் கொடுக்கல் வாங்கல் என்பதன் அப்பட்டமான வடிவத்தைக் காண்பார். திருகோணமலை உட்பட எந்தத் துறைமுகமும் இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் பிற நாடுகளின் இராணுவப் பயன்பாட்டுக்கு வழங்கப்பட மாட்டாது. எண்ணெய்த் தாங்கிகள் இருநாட்டுக் கூட்டு முயற்சியாகப் புனரமைத்து இயக்கப்படும். இவை நம் பக்கம் கொடுத்தவை. இந்திய மண்ணிலிருந்து இலங்கைக்கு எதிராக ஆயுதச் செயற்பாட்டில் ஈடுபடுவோர் வெளியேற்றப்படுவர்; நம் படையினருக்குப் பயிற்சி வழங்கப்படும்; இவை அவர்கள் பக்கம் கொடுத்தவை. ஒப்பந்தத்தினால் இணைக்கப்பட்ட வடக்கு கிழக்கில் வாழ்ந்த முஸ்லிம்கள் அப்போது ஒரு தரப்பாகக் கலந்தாலோசிக்கப்படவில்லை என்ற ஆதங்கம் நம் மூத்தோரிடம் இன்றும் உண்டு. இரு நாடுகள் பரிமாறிக்கொள்ளும் பண்டத்தின் விலையை மூன்றாமவர் செலுத்த நேரும் என்பதை அது நமக்குக் காட்டியது. இதனை மனதில் வைத்திருங்கள். பின்னர் மீண்டும் வருவேன்.

தாங்கிகளின் கதை மெதுவாகவே நகர்ந்தது. 2003 இல் அவை இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனத்திற்குக் குத்தகைக்கு அளிக்கப்பட்டன; கீழ்ப்பகுதியிலுள்ள சில தாங்கிகள் பாவனைக்கு வந்தன; மேற்பகுதியிலுள்ளவை காட்டுக்குள் துருப்பிடித்து நின்றன. 2022 ஜனவரி 6ஆம் திகதி புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. 99 தாங்கிகளில் 14 இந்திய நிறுவனத்திற்கு. 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கு. எஞ்சிய 61 இருவரும் சேர்ந்து அமைத்த நிறுவனத்திற்கு, அதில் இலங்கையின் பங்கு 51 வீதம். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கென இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு இராச்சியமும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன.

இது விற்பனையா? நிலம் இலங்கையினுடையது, குத்தகைக்குக் காலவரையறை உண்டு. எனவே விற்பனை என்பது தவறான சொல். எனினும், தவறான சொல்லைத் திருத்திவிட்டு உறங்கிவிடவும் கூடாது. 2022 இல் நாம் பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது இந்தியா ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் பெறுமதியான உதவிகளை வழங்கியது. அதில் பெரும் பகுதி கடனும் கடன் தவணைப் பிற்போடலுமாகும், நன்கொடையன்று. கடனுக்கு நன்றி கூறவேண்டும். கடனைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். கடன் கொடுத்தவர் கேட்பதையெல்லாம் கொடுப்பது இவ்விரண்டிலும் சேராது. நாம் கேட்கவேண்டிய கேள்வி இது: தாங்கிகள் இயங்கினால் சீனக்குடாவிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் உள்ள இளைஞருக்கு எத்தனை தொழில்கள்? கூட்டு நிறுவனத்தின் இலாபக் கணக்கு மக்கள் முன் வைக்கப்படுமா? ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் இருப்பவர் தம் பங்கைச் செய்தாரா என்று பார்க்க நமக்கு உரிமை உண்டு. அதே அளவு, நம் பங்கைச் செய்யும் கடமையும் உண்டு.

இக்கடமையில் நம் நாடு தவறியதுண்டு. கொழும்பில் ஜப்பானின் கடனுதவியுடன் தொடங்கிய இலகு ரயில் திட்டத்தை 2020 இல் நம் அரசாங்கம் ஒருதலையாக இரத்துச் செய்தது. கிழக்குக் கொள்கலன் முனையத்தை அபிவிருத்தி செய்ய ஜப்பானோடும் இந்தியாவோடும் 2019 இல் கண்ட உடன்பாட்டை 2021 பெப்ரவரியில் கைவிட்டது. அடுத்த ஆண்டே நாம் வங்குரோத்து நிலையை அடைந்தோம். கடன் மறுசீரமைப்புக்காக 2023 இல் அமைந்த கடன் வழங்குநர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்கள் யார் தெரியுமா? ஜப்பான், இந்தியா, பிரான்ஸ். முறித்த கையை நீட்டி உதவி கேட்க வேண்டியதாயிற்று. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிய பெண்ணைப் போன்று ஆகிவிட வேண்டாமென ஸூரா அந்நஹ்லின் 92ஆவது வசனம் உடன்படிக்கைகளைப் பற்றியே எச்சரிக்கின்றது. ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அபூ ஜந்தல் (ரழி) அவர்கள் கால்விலங்குடன் தப்பி வந்து விழுந்தார்கள். நபி (ஸல்) அவர்கள், நெஞ்சம் கனக்க, அவரைத் திருப்பி அனுப்பினார்கள்; வாக்குக் கொடுத்தாயிற்று. பிறகு குறைஷியர் தம் நேச அணியினர் மூலம் குஸாஆ கோத்திரத்தைத் தாக்கி உடன்படிக்கையை முறித்தபோது, அந்த முறிவே மக்கா வெற்றிக்கு வழியானது. மறுதரப்பார் நேர்மையாக நிற்கும் காலமெல்லாம் நீங்களும் நேர்மையாக நில்லுங்கள் என்ற கருத்து ஸூரா அத்தவ்பாவின் 7ஆவது வசனத்தில் உண்டு. இரு பக்கமும் வெட்டும் விதி அது.

ஜப்பானைக் குறிப்பிட்டேன். அந்நாட்டுக்கும் நம் ஊருக்கும் பழைய கணக்கொன்று உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா விமானத் தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. விமானமொன்று எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மீது மோதியது. அத்தாங்கி எரிந்து போயிற்று. அன்றே மட்டக்களப்புக் கடலில் 'ஹெர்மஸ்' என்ற விமானந் தாங்கிக் கப்பலை மூழ்கடித்தனர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் சமாதான மாநாடு கூடியது. தோற்றுப்போன ஜப்பானிடம் நட்டஈடு கோரும் உரிமை நமக்கு இருந்தது. நம் நிதியமைச்சராக அங்கு சென்ற ஜே. ஆர். ஜெயவர்தன, புத்தரின் போதனையைச் சுட்டிக்காட்டி, இலங்கை நட்டஈடு கோராது என்று அறிவித்தார். பௌத்தர் ஒருவர் தம் நெறியிலிருந்து கூறிய அவ்வார்த்தை, பழிக்குச் சமமாகப் பழி தீர்க்க அனுமதி தந்து, பொறுமையே சிறந்தது என்று கூறும் ஸூரா அந்நஹ்லின் 126ஆவது வசனத்தை ஓதும் நமக்கு அந்நியமாகத் தோன்றக் கூடாது. ஜப்பான் அதனை மறக்கவில்லை. அடுத்து வந்த பல தசாப்தங்களில் இலங்கைக்கு அதிகம் உதவிய நாடுகளின் வரிசையில் முன்னணியில் நின்றது. கோட்டேயிலுள்ள ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை அவ்வுதவியில் எழுந்ததே. 2011 இல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, 2004 இன் காயம் ஆறாத நம் சிறிய நாடு நிதியும் தேயிலையும் அனுப்பியது.

தான் பட்ட நன்மையை மறவாமை நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. தாயிஃபிலிருந்து காயத்துடன் திரும்பிய அண்ணலார் மக்காவுக்குள் நுழைய இயலாதிருந்தபோது பாதுகாப்பளித்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தைத் தழுவாமலேயே மரணித்தார். பத்ருப் போரின் கைதிகளைப் பற்றிப் பேசுகையில், முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருப்பாராயின் இவர்களை அவருக்காக விடுவித்திருப்பேன் என்ற கருத்தில் நபியவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரியில் உண்டு. நன்மை செய்தவர் இறந்துவிட்டார், மாற்றுக் கொள்கையர், ஆயினும் கணக்கு அழிக்கப்படவில்லை.

சில கணக்குகளை அழித்துவிடுவதும் மேன்மையே. 1971 இல் பங்களாதேஷ் விடுதலைக்காகப் போராடியபோது, பாகிஸ்தானின் விமானங்கள் இந்திய வான்பரப்பைக் கடக்க இயலாமல் கட்டுநாயக்காவில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. பங்களாதேஷ் மக்களுக்கு அது இனிய நினைவாக இருந்திராது. அதே பங்களாதேஷ் 2021 இல், நம் வெளிநாட்டுச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த வேளை, நாணயப் பரிமாற்ற முறையில் 200 மில்லியன் டொலர் கொடுத்தது. தவணை வந்தது, நம்மிடம் இருக்கவில்லை, தவணையை நீடித்தது. 2023 செப்டெம்பரில் நாம் முழுவதையும் செலுத்தி முடித்தோம். கடனாளி கஷ்டத்திலிருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கவேண்டும் என்ற ஸூரா அல்பகராவின் 280ஆவது வசனம் இரு மத்திய வங்கிகளுக்கிடையே நிறைவேறியதை நாம் கண்டோம். வட்டியோடு கலந்த ஏற்பாடு அது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அவகாசம் கொடுத்த பண்பையே இங்கு பாராட்டுகிறேன். உறவைப் பேணுபவர் என்பவர் ஈடுக்கு ஈடு செய்பவரல்லர், அறுந்த உறவையும் இணைப்பவரே என்ற நபிமொழியின் வாசனை அதில் வீசுகின்றது.

அன்பார்ந்த நேயர்களே! இதுவரை கூறியவை கொடுக்கவும் வாங்கவும் கூடிய பண்டங்களைப் பற்றியவை. அரிசி, இறப்பர், எண்ணெய், டொலர். பண்டமாகக் கூடாதவையும் உண்டு.

2020 இல் கொரோனாத் தொற்றினால் மரணித்த நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளேயான பாலகனின் உடலும் எரிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று கூறியிருந்தது, நம் நாட்டு நிபுணர் பலரும் கூறினர், செவி சாய்க்கப்படவில்லை. 2021 பெப்ரவரி 23ஆம், 24ஆம் திகதிகளில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். அவர் சென்ற மறுதினங்களில் அடக்க அனுமதிக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. ஒரு மாதத்திற்குள், மார்ச் 23ஆம் திகதி, ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. 22 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நடுநிலை. பாகிஸ்தானும் பங்களாதேஷும் இலங்கையின் பக்கம் வாக்களித்தன. இந்தோனேசியாவும் பஹ்ரைனும் நடுநிலை வகித்தன.

அடக்கம் கிடைத்ததற்காக நாம் அல்லாஹ்வைப் புகழ்ந்தோம். ஓட்டமாவடி மஜ்மா நகரின் மண்ணில் அடங்கியவர்களின் குடும்பங்கள் அந்தப் பாகிஸ்தான் விஜயத்துக்கு நன்றி கூறுவதில் தவறில்லை. ஆனால், வாக்கெடுப்புக்கு முந்திய வாரங்களில் வந்த அந்த அனுமதியை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் நெருடுகின்றது. தன் தாயை அடக்கம் செய்யும் உரிமை இந்நாட்டுப் பிரசைக்கு இந்நாட்டிடமிருந்தே வரவேண்டும். வேறொரு நாட்டின் பிரதமர் வந்து கேட்டபின் கிடைக்குமாயின், அவர் வராத ஆண்டில் நம் நிலை என்ன? 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. அந்த மன்னிப்புக்கு எந்த நாட்டின் வாக்கும் தேவைப்படவில்லை. ஆகவேதான் அதனை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொரு நிகழ்வை மூதூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2005 இல் அவ்வூரிலிருந்து 17 வயதில் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற ஓர் ஏழைப் பிள்ளைக்கு, அவள் பராமரிப்பில் இருந்த சிசு இறந்த வழக்கில், 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆரம்ப விசாரணையின்போது சட்டத்தரணியோ தகுந்த மொழிபெயர்ப்பாளரோ அவளுக்கு இருக்கவில்லை என்பது அவ்வழக்கில் திரும்பத் திரும்ப எழுந்த முறைப்பாடு. நம் அரசாங்கம் மன்னிப்பு வேண்டியது. பின்னர் தன் தூதுவரைத் திருப்பி அழைத்தது. அல்லாஹ் அப்பிள்ளைக்கும், இறந்த சிசுவுக்கும், இரு குடும்பத்தினருக்கும் அருள் புரிவானாக.

அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முன்னர், 2009 ஒக்டோபரில், 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதுவரை 'பாதை'யில் ஏறிக் காத்திருந்து கடந்த மக்கள் சில நிமிடங்களில் கடந்தனர். பாலமில்லாத இடத்தின் விலை என்ன என்பதை 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்த பாதையில் பாடசாலைப் பிள்ளைகளை இழந்தவர்கள் அறிவர். எனவே சவூதி மக்களுக்கு நாம் நன்றியுடையவர்கள். மனிதருக்கு நன்றி கூறாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி கூறாதவன் என்பது நபிமொழியின் கருத்து. ஆயினும் 2013 இல் சிலர், "பாலம் கட்டித் தந்தவர்களைப் பற்றிப் பேசலாமா" என்று முணுமுணுத்தனர். பேசலாம், பேசவேண்டும். பாலத்துக்கு நன்றி கூறுவது ஒரு கணக்கு. நம் பிள்ளைக்குச் சட்டத்தரணியும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டுமெனக் கேட்பது வேறு கணக்கு. ஒன்றைக் கொண்டு மற்றதைக் கழிக்க நமக்கு அதிகாரமில்லை. ஏனெனில் இரண்டாவது கணக்கு நம்முடையதன்று, அவளுடையது. 1987 இன் கடிதங்களைப் பற்றிக் கூறும்போது மூன்றாமவர் செலுத்தும் விலை என்று குறிப்பிட்டேன். இது அதன் மற்றொரு முகம்.

2014 ஜனவரியில் இலங்கையும் சவூதி அரேபியாவும் வீட்டுப் பணியாளர் தொடர்பான உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அந்நாட்டுக்கு நம் உழைப்புத் தேவை. நமக்கு அவர்கள் தரும் சம்பளம் தேவை. இரு பக்கமும் தேவையிருப்பதால் உட்கார்ந்து பேச முடிந்தது. ஆனால், உடன்படிக்கையின் நம் பக்கத்தை நாம் எவ்வாறு நிறைவேற்றுகின்றோம்? மூதூர்ப் பிள்ளையின் கடவுச்சீட்டில் அவளுடைய வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. அவள் சிறுமி என்று அங்கு வாதாட எழுந்தபோது, இங்கிருந்து சென்ற பத்திரமே அவளுக்கு எதிரான சாட்சியாக நின்றது. பொய்யான தாளைக் கொடுத்துவிட்டு மெய்யான நீதியைக் கேட்கும் நிலைக்கு அவளைத் தள்ளியவர்கள் இங்குள்ளோரே.

ஆகவே, முகவர்கள் வீட்டுக்கு வந்து தாள்களை விரிக்கும்போது, தகப்பன்மாரே, தாய்மாரே, பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்து, கடவுச்சீட்டிலுள்ள திகதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிவாசலுக்குக் கொண்டு வாருங்கள். கதீபோ முஅத்தினோ வாசித்துச் சொல்வார். வேலை வாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திகதி பொருந்தாவிட்டால் முகவர் எத்தனை இலட்சம் முற்பணம் நீட்டினாலும் ஒப்பமிடாதீர்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.